உச்சி வெயிலில் ஒரு தேவதைக் கதை



சிறுவர் நாடகம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. நான் அதில் ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். அது அரங்கேறிய நாள் 1991 நவம்பர் 22. அமெரிக்கா முழுவதும் திரையரங்குகளில் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' என்ற டிஸ்னி கார்ட்டூன் படம் பரவலாக வெளியானதும் அன்றுதான். அதே நாளில் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் இருக்கும் டிஸ்னி பூங்கா ஒன்றில் அதே கதை மேடையிலும் ஏறியது. படம் ஓடி, காசு சேர்த்து, பெயர் வாங்கிய பிறகு அதை நாடகமாக்குவதுதான் எங்கும் நடப்பது. இங்கே திரையில் வண்ணமும் கோடுமாக இருந்தவர்கள், அன்றைக்கே மேடையில் வியர்வை வழிய ஆடிப் பாடினார்கள்.

அந்தப் பூங்காவுக்கு அப்போது பெயர் டிஸ்னி எம்ஜிஎம் ஸ்டூடியோஸ். 1989 மே மாதம் திறந்தார்கள். 2008-இல் டிஸ்னிஸ் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று பெயர் மாறியது. நாடகம் 1994-இல் அதே பூங்காவுக்குள் சன்செட் பூல்வார்டு என்ற பகுதியிலுள்ள இப்போதைய அரங்கத்துக்கு இடம் மாறியது. கொரோனா காலத்தில் நின்று, 2021-இல் திரும்பி வந்தது. முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் பேசப்படும் நாடகம். நீளம் சுமார் 25 நிமிடம்.

"தீம் பார்க்கில் என்ன நாடகம் வேண்டிக் கிடக்கிறது? ராட்டினத்துக்கு வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் நிழலுக்கு ஒதுங்கும் இடம் அது" என்று சொல்பவர்கள் உண்டு. படித்தவர்களும், நாடகம் தெரிந்தவர்களும்கூடச் சொல்கிறார்கள். இன்று அந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு. நாடகக் கலையில் செய்வதற்கு மிகக் கடினமான வகைகளில் இது ஒன்று. அதைச் செய்கிறவர்களுக்குக் கலைஞர்களுக்குரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கதை. 1740-இல் பிரான்ஸில் காப்ரியேல் சூசான் தெ வில்நெவ் என்ற அம்மையார் இதை எழுதினார். நூறு பக்கத்துக்கு மேல் நீளும் கதை. பெரியவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டது. தேவதைகளின் பூசல், பெற்றோர் யார் என்ற ரகசியம், கிளைக்குள் கிளை. பதினாறு ஆண்டு கழித்து, 1756-இல், லண்டனில் செல்வந்தர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்த ழான் மரி லெப்ரான்ஸ் தெ போமோன் தன் மாணவிகளுக்காக அதைச் சில பக்கங்களாகச் சுருக்கினார். ரோஜா கேட்ட மகள், ரோஜா பறித்து மாட்டிக்கொண்ட தகப்பன், அவனுக்குப் பதிலாக மாளிகைக்குப் போன பெண், அங்கே மிருக உருவில் காத்திருந்த அரசகுமாரன். உலகம் சொல்லிச் சொல்லி வளர்த்தது இந்தச் சுருக்கத்தைத்தான். பிறகு 1946-இல் ழான் கொக்தோ இதைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்தார். டிஸ்னி படம் 84 நிமிடம். பூங்கா நாடகம் 25 நிமிடம்.

ஆக, இந்தக் கதை பிறந்த சில ஆண்டுகளிலேயே சுருங்கத் தொடங்கிவிட்டது. போமோன் அம்மையார் தன் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பொறுமையை அறிந்து வெட்டினார். பூங்கா நாடகம் எழுதியவர்களும் செய்தது அதே வேலைதான். சுருக்கியது என்பதற்காக ஒரு படைப்பை இளப்பமாகப் பார்ப்பதானால், முதலில் போமோனின் கதையைத்தான் கீழே போட வேண்டும்.

ஆனால் எந்தப் படத்தையும் எடுத்து இப்படி 25 நிமிட நாடகமாக வெட்டிவிட முடியாது. இந்தப் படத்தை வெட்ட முடிந்ததற்குக் காரணம் ஒரு மனிதர். அவர் பெயர் ஹோவர்ட் ஆஷ்மன். பாடலாசிரியர், நாடகாசிரியர், இயக்குநர். பால்டிமோர்க்காரர். நியூயார்க்கில் சின்னஞ்சிறு அரங்குகளில் உழைத்து வளர்ந்தவர். 1982-இல் இசையமைப்பாளர் ஆலன் மென்கனோடு சேர்ந்து 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற இசை நாடகத்தைப் போட்டார். பூக்கடையில் வளரும் ஒரு செடி மனிதர்களைத் தின்னும் கதை. செடி ஒரு பெரிய பொம்மை. குறைந்த இடம், குறைந்த ஆட்கள், பாட்டு வழியாகவே கதை நகர வேண்டிய கட்டாயம். அந்தப் பயிற்சியோடுதான் அவர் கார்ட்டூன் உலகத்துக்குள் வந்தார்.

டிஸ்னியின் ஓவியர்களை உட்காரவைத்து அவர் எடுத்த பாடம் ஒன்று படம்பிடிக்கப்பட்டிருக்கிறது. அதில் அவர் சொல்வதன் சாரம் இது: ஏறக்குறைய எல்லா நல்ல இசை நாடகங்களிலும், கதை தொடங்கிய சற்று நேரத்தில், நாயகி எதன் மேலாவது உட்கார்ந்து தனக்கு வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று பாடுவாள். அந்த ஒரு பாட்டில் பார்வையாளர் அவள் பக்கம் சேர்ந்துவிடுவார். பிறகு அவளுக்கு அது கிடைக்குமா என்பதே கதை.

ஆஷ்மன் பாட்டு எழுதிய 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் கடற்கன்னி அப்படிப் பாடும் பாட்டு வெட்டுக்கு ஆளாக இருந்தது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். முன்னோட்டக் காட்சியில் அந்த இடத்தில் பிள்ளைகள் நெளிந்தார்கள். மெதுவான பாட்டு பிள்ளைகளுக்கு ஆகாது, எடுத்துவிடலாம் என்று ஸ்டூடியோவின் மேலிடத்திலிருந்து ஜெஃப்ரி கேட்ஸன்பெர்க் சொன்னார். ஆஷ்மன் விடவில்லை, போராடினார். பாட்டு பிழைத்தது. 1989-இல் படம் வந்தபோது பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து கேட்டது அந்தப் பாட்டைத்தான். பிள்ளைகளுக்கு வேகம்தான் பிடிக்கும் என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்லி வருகிறேன். பிள்ளை நெளிவது பாட்டு மெதுவாக இருப்பதால் அல்ல. பாடுகிறவளின் ஆசை என்னவென்று அதற்குப் பிடிபடாதபோதுதான் நெளிகிறது.

அடுத்த படம்தான் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'. ஆஷ்மனுக்கு அப்போது எய்ட்ஸ் முற்றியிருந்தது. வெளியில் சொல்ல முடியாத காலம். அவர் கலிபோர்னியாவுக்கு வர முடியாததால், நியூயார்க் மாநிலத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஃபிஷ்கில் என்ற ஊரின் ஓட்டல் ஒன்றில் படக்குழுவினர் வந்து தங்கிக் கதை பேசினார்கள். மாளிகையின் மெழுகுவத்தித் தண்டும் கடிகாரமும் தேநீர்க் கெண்டியும் தனித்தனிக் குணமுள்ள மனிதர்களாக இருக்கட்டும் என்று வற்புறுத்தியவர் அவர். கொக்தோவின் படத்தில் சுவரிலிருந்து நீளும் கைகள் விளக்கு ஏந்தும், அவை பேசா. ஆஷ்மன் அவற்றைப் பேசவைத்தார், பாடவைத்தார். 1991 மார்ச் 14 அன்று, 40 வயதில் இறந்தார். படம் திரைக்கு வந்ததையும், அதே நாளில் அது மேடை ஏறியதையும் அவர் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் தவறிவிட்டது. படத்தின் தலைப்புப் பாட்டுக்குக் கிடைத்த ஆஸ்கரை அவருடைய வாழ்க்கைத் துணைவர்தான் மேடையேறி வாங்கினார்.

ஆஷ்மனும் மென்கனும் படத்தையே ஒரு மேடை இசை நாடகமாகத்தான் கட்டியிருந்தார்கள். அதனால்தான் பூங்காக்காரர்களால் அதைத் தூக்கி மேடையில் வைக்க முடிந்தது. அது எப்படி என்று முதல் பாட்டை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன்.

காலை நேரம், சிறு கிராமம். பெல் என்ற பெண் கையில் புத்தகத்தோடு கடைத்தெருவில் நடந்து வருகிறாள். ரொட்டிக்காரர் தட்டோடு போகிறார். சன்னல்கள் திறக்கின்றன. ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்கிறார்கள். அவளைப் பார்த்து, நல்ல பெண்தான், ஆனால் ஒரு மாதிரி என்று பாடுகிறார்கள். அவள் புத்தகக் கடைக்காரரிடம் போகிறாள். இன்னொரு பக்கம் காஸ்டன் என்ற வேட்டைக்காரன் வருகிறான். ஊரிலேயே அழகி அவள், ஆகவே அவள் எனக்கு என்கிறான். பாட்டு முடிவதற்குள் நமக்கு என்னென்ன தெரிந்துவிட்டது, பாருங்கள். ஊர் எப்படிப்பட்டது, பெல் ஏன் அங்கே ஒட்டாமல் இருக்கிறாள், அவள் என்ன படிக்கிறாள், எதற்கு ஏங்குகிறாள், வில்லன் யார், அவன் அவளை எதற்காக விரும்புகிறான். எல்லாம் சுமார் ஐந்து நிமிடத்தில். வசனமாக எழுதினால் மூன்று காட்சி பிடிக்கும். இசை நாடக மரபில் வளர்ந்த நமக்கு, கதையைப் பாட்டு சுமப்பது புதிதல்ல. ஆனால் ஒரே பாட்டில் இத்தனை பேர் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, இத்தனை செய்தியைச் சொல்லி, கேட்பவருக்குப் பாரம் தெரியாமல் இருப்பது பெரிய வித்தை.

பூங்கா நாடகத்தின் எலும்புக்கூடு இப்படிப்பட்ட பாட்டுகள்தான். கிராமத்துப் பாட்டு, காஸ்டனின் தற்பெருமைப் பாட்டு, மாளிகைப் பொருள்கள் பெல்லை விருந்துக்கு அழைக்கும் பாட்டு, இருவர் மனமும் மெல்ல இளகும் பாட்டு, தீப்பந்தத்தோடு கூட்டம் புறப்படும் பாட்டு, கடைசியில் அந்தத் தலைப்புப் பாட்டு. இடையில் வசனம் கொஞ்சம்தான்.

இனி அரங்கத்துக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

'தியேட்டர் ஆஃப் த ஸ்டார்ஸ்' என்பது அதன் பெயர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள புகழ்பெற்ற 'ஹாலிவுட் பௌல்' திறந்தவெளி அரங்கத்தின் சாயலில் கட்டப்பட்டது. 1,500 பேர் உட்காரலாம். மேலே கூரை உண்டு, பக்கச் சுவர் கிடையாது. ஃபுளோரிடா வெப்பமும் ஈரக்காற்றும் உள்ளே வரும். கோடையில் பிற்பகல் இடிமழை அங்கே அன்றாடம். பக்கத்து ரோலர் கோஸ்டரிலிருந்து வருகிறவரும், அதை நோக்கி ஓடுகிறவரும் கண்ணில் படுவார்கள். நாடகத்துக்குத் தனி டிக்கெட் இல்லை, பூங்கா நுழைவுக் கட்டணத்திலேயே அடக்கம். அதனால் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போவதற்கு யாருக்கும் தயக்கம் கிடையாது. கைக்குழந்தை அழும். இங்கிலீஷ் தெரியாதவர் பாதிப் பேர் இருக்கலாம். பிரேசிலிலிருந்து, ஜப்பானிலிருந்து, நம் ஊரிலிருந்து வந்தவர்கள்.

உச்சி வெயில் நேரத்துக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாடகக்காரனுக்கு உள்ள மிகப் பெரிய ஆயுதம் இருட்டு. விளக்கை அணைத்தால் மேடை மறையும், மீண்டும் போட்டால் வேறு இடம். ரகசியம், பயம், மாயம் எல்லாம் இருட்டிலிருந்து வருபவை. பகல் வெளிச்சம் மூன்று பக்கமும் நுழையும் அரங்கத்தில் அந்த ஆயுதம் பாதி மழுங்கிவிடும். அங்கே மாளிகையின் மர்மத்தை எதை வைத்துக் காட்டுவது? நிறத்தை வைத்து, உருவத்தின் அளவை வைத்து, உடம்பின் அசைவை வைத்து. விருந்துப் பாட்டில் கரண்டியும் முள்கரண்டியும் தட்டும் ஆள் உயரத்துக்கு வந்து வரிசை கட்டி ஆடுவது வெறும் ஆடம்பரம் இல்லை. பகலில், கடைசி வரிசையில், தகப்பன் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அது கரண்டி என்று தெரிய வேண்டும். பெல்லின் மஞ்சள் கவுன் அத்தனை மஞ்சளாக இருப்பதும் அதனால்தான். நடனக் காட்சியில் அந்த மஞ்சளும் மிருகத்தின் நீலக் கோட்டும் சேர்ந்து சுற்றும்போது, விளக்கு செய்ய வேண்டிய வேலையைத் துணி செய்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே பூங்காவில் இருந்தது. 1992 ஜனவரியில் 'வாயேஜ் ஆஃப் த லிட்டில் மெர்மெய்ட்' என்ற சிறு நாடகத்தைத் தொடங்கினார்கள். அது மூடிய அரங்கம். முழு இருட்டு. புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் மீன் பொம்மைகள். கறுப்பு உடையில் அவற்றை ஆட்டுபவர்கள் கண்ணில் படமாட்டார்கள். தண்ணீர்த் திரை, பனித்தூறல். அதன் நடுவில் ரத்தமும் சதையுமாக ஒரு பெண் உட்கார்ந்து, வெட்டுக்குத் தப்பிய அந்தப் பாட்டை நேரடியாகப் பாடுவாள். 2020 வரை அது நடந்தது. இருட்டு கிடைத்தவர்கள் இருட்டை வைத்துச் செய்தார்கள், கிடைக்காதவர்கள் நிறத்தை வைத்துச் செய்தார்கள். ஒரே பூங்காவுக்குள் நாடகக் கலையின் இரண்டு பள்ளிக்கூடங்கள் என்றே சொல்வேன்.

அடுத்தது இசை. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் மேடைக்கு முன்னால் பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் இருப்பார்கள். நடத்துநர் ஒரு கண்ணை மேடையில் வைத்திருப்பார். நடிகை ஒரு மூச்சு அதிகம் எடுத்தால் அவர் கை காத்திருக்கும். கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு அடுத்த அடி தொடங்கும். பூங்காவில் இசை பதிவு செய்யப்பட்டது. அது யாருக்காகவும் நிற்காது. தொண்டை கட்டினாலும், கைதட்டல் ஓயாவிட்டாலும், பதிவு போய்க்கொண்டே இருக்கும். அதற்குள் பொருந்திப் பாட வேண்டும், ஆட வேண்டும், அதே சமயம் இப்போதுதான் மனதில் தோன்றியதுபோல முகம் இருக்க வேண்டும். ஓடும் ரயிலில் ஏறி இறங்குவது மாதிரியான வேலை அது. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சி என்பது கணக்கு. பூங்காவில் நாளொன்றுக்கே நான்கைந்து காட்சி. நடிகர் குழுக்கள் மாறி மாறி வந்தாலும், அந்த வெப்பத்தில், அந்தக் கனத்த உடையில், மிருக முகமூடிக்குள் ஒரே நாளில் சில காட்சிகள் ஆடுவது எளிதா?

குறை இல்லாமல் இல்லை. நான் மறைக்க விரும்பவில்லை. இது படத்துக்கான விளம்பரமாகவும் பிறந்தது. வெளியான தேதியே அதைச் சொல்லும். பூங்காவில் எங்கே திரும்பினாலும் பொம்மையும் மஞ்சள் கவுனும் விற்கும் கடைகள். பிள்ளை அழுது அடம்பிடித்து வாங்கும். அதைவிட எனக்குப் பெரிய வருத்தம், இளகும் பாட்டைப் பற்றியது. கைதியாக வந்த பெண், தன்னைச் சிறைவைத்தவனை நேசிக்கத் தொடங்குவது இந்தக் கதையின் மிகச் சிக்கலான இடம். போமோனின் கதையில் இதற்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. என்னை மணப்பாயா என்று ஒவ்வொரு இரவும் அவன் கேட்கிறான், ஒவ்வொரு இரவும் அவள் மறுக்கிறாள். பூங்கா மேடையில் ஒரே பாட்டுக்குள் இரண்டு பேரும் மாறிவிட வேண்டியிருக்கிறது. எத்தனை திறமையாகப் பாடினாலும் அந்த அவசரம் தெரிகிறது. நாடகத்தை இன்னும் ஐந்து நிமிடம் நீட்டி, அந்த மறுப்புகளில் ஒன்றையாவது காட்டியிருந்தால், அது முழுமையான படைப்பாகவே இருந்திருக்கும் என்பது என் கருத்து.

சரி, பிராட்வேக்கு வருவோம். 1991 முடியும்போது நியூயார்க் டைம்ஸின் நாடக விமர்சகர் ஃபிராங்க் ரிச், அந்த ஆண்டின் சிறந்த பிராட்வே இசை மேடையில் இல்லை, இந்தக் கார்ட்டூன் படத்தில் இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். டிஸ்னி நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் அதற்குப் பிறகு பிராட்வே பக்கம் திரும்பினார். யாரை அனுப்பினார் தெரியுமா? பெரிய பெயர் பெற்ற பிராட்வே இயக்குநர்களை அல்ல. இயக்குநர் ராபர்ட் ஜெஸ் ராத், நடன அமைப்பாளர் மேட் வெஸ்ட், அரங்க அமைப்பாளர் ஸ்டான் மேயர் ஆகிய மூவரும் டிஸ்னிலேண்ட் பூங்காவின் மேடைக் காட்சிகளில் வேலை செய்தவர்கள். 1994 ஏப்ரல் 18 அன்று பேலஸ் தியேட்டரில் நாடகம் அரங்கேறியது. பல விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள்; தீம் பார்க் சரக்கு என்றார்கள். பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகளில் ஒன்பதுக்குப் பரிந்துரை வந்து, உடையலங்காரத்துக்காக ஆன் ஹூல்ட் வார்டுக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. ஆனால் மக்கள் விடவில்லை. 2007 ஜூலை வரை 5,461 காட்சிகள். அதில் படத்துக்காக ஆஷ்மன் எழுதிப் படத்தில் இடம்பெறாமல் போன ஒரு பாட்டு மேடையில் உயிர் பெற்றது. புதிய பாட்டுகளுக்கு டிம் ரைஸ் சொல் எழுதினார். 25 நிமிடமாகச் சுருங்கிய கதை இரண்டரை மணி நேரமாக மீண்டும் விரிந்தது.

பூங்கா நாடகமே பிராட்வேக்கு வழி திறந்தது என்று நான் ஒற்றை வரியில் சொல்லமாட்டேன். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தீம் பார்க் சரக்கு என்று விமர்சகர்கள் எதை இகழ்ந்தார்களோ, அந்தப் பட்டறையில் கை பழகியவர்கள்தான் பதின்மூன்று ஆண்டு ஓடிய நாடகத்தைக் கட்டினார்கள். இது நடந்த உண்மை.

ஒரு முறைதான் அப்படி நடந்ததா என்றால், இல்லை. கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு பூங்காவில் ஹைபீரியன் தியேட்டர் என்று சுமார் 2,000 பேர் உட்காரும் மூடிய அரங்கம் உண்டு. 2003 முதல் 2016 ஜனவரி வரை அங்கே 'அலாவுதீன்' கதை 45 நிமிட இசை நாடகமாக நடந்தது. இயக்கியவர் ஆப்பெரா உலகத்தில் பெயர் பெற்ற ஃபிரான்செஸ்கா ஸம்பெல்லோ. பார்வையாளர் நடுவே யானை வரும். பறக்கும் கம்பளம் தலைக்கு மேலே பறக்கும். இளவரசிக்காக மென்கன் ஒரு புதுப் பாட்டே போட்டுக் கொடுத்தார். பூதமாக நடித்தவர்கள் அன்றைய செய்தி, புதிதாக வந்த படம், யாரோ ஒரு பிரபலத்தின் கல்யாணம் என்று அன்றன்றைக்கு நகைச்சுவையை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதனால் உள்ளூர்க்காரர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். நாடகம் எழுதிய சாட் பெகெலின்தான் 2014-இல் பிராட்வே 'அலாவுதீன்' நாடகத்துக்கும் வசனம் எழுதினார். பூங்கா நாடகத்தை நிறுத்திய பிறகு, 2016 மே மாதம் அங்கே 'ஃப்ரோஸன்' போட்டார்கள்.

'ஃப்ரோஸன்' என்றதும் அதன் பாட்டுகள் இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றை எழுதியவர்கள் ராபர்ட் லோபஸ், கிறிஸ்டன் ஆண்டர்சன் லோபஸ் தம்பதியர். டிஸ்னிக்காக அவர்கள் அதற்கு முன் சேர்ந்து செய்த வேலைகளில் ஒன்று எது? ஃபுளோரிடாவில் அனிமல் கிங்டம் பூங்காவில் 2007-இல் அரங்கேறிய 'ஃபைண்டிங் நீமோ' இசை நாடகம். மூலப்படம் பாட்டால் கதை சொல்லும் படம் அல்ல. மீன்கள் பாடும் பாட்டுகளை இவர்கள் புதிதாக எழுதினார்கள். பொம்மைகளை வடிவமைத்தவர் மைக்கேல் கரி; 'லயன் கிங்' பிராட்வே நாடகத்துக்கு ஜூலி டேமோரோடு சேர்ந்து முகமூடியும் பொம்மையும் செய்தவர். பொம்மையை ஆட்டுகிற நடிகர் மேடையில் முழுதாகத் தெரிவார். சில நிமிடத்தில் பிள்ளைகள் மீனை மட்டும் பார்ப்பார்கள். ஆறு ஆண்டு கழித்து, உலகம் முழுவதும் பிள்ளைகள் பாடித் திரிந்த பனி அரசியின் பாட்டு அதே இருவரிடமிருந்து வந்தது.

இத்தனை பெயர் சொன்னேன் அல்லவா? பாடலாசிரியர், இயக்குநர், பொம்மை செய்தவர், உடை தைத்தவர் வரை. இப்போது ஒன்று கேட்கிறேன். முப்பது ஆண்டுகளாக அந்த உச்சி வெயில் நேரத்தில் பெல்லாக நின்று பாடிய பெண்களில் ஒருவரின் பெயரையாவது யாராவது சொல்ல முடியுமா? மிருக முகமூடிக்குள் இருந்தவர் பெயர்? கரண்டியாக ஆடியவர் பெயர்? என்னாலும் சொல்ல முடியாது. பிராட்வேயில் உள்ளே நுழையும்போதே கையில் ஒரு சிறு நூல் தருவார்கள். கடைசி நடனப் பெண்ணின் பெயரும் அதில் இருக்கும். பூங்காவில் அப்படி எதுவும் தருவதில்லை. பிள்ளைகளுக்கு அவள் பெல்லாகவே இருக்கட்டும், மாயம் கலைய வேண்டாம் என்பது அதற்குச் சொல்லும் நியாயம்.

அந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை. ஃபுளோரிடா டிஸ்னி பூங்காக்களின் மேடை நடிகர்களுக்கு, பிராட்வே நடிகர்களின் சங்கமான ஆக்டர்ஸ் எக்விட்டிதான் சங்கம். அவர்கள் தொழில்முறை நடிகர்கள் என்பதை ஒப்பந்தத்தில் நிறுவனமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2020-இல் பூங்கா மீண்டும் திறந்தபோது, முகக்கவசம் போட்டுக்கொண்டு பாட முடியாது, ஆகவே எங்களுக்குப் பரிசோதனை வேண்டும் என்று அவர்கள் கேட்டு, அதற்காகப் பல வாரம் வேலைக்குத் திரும்ப முடியாமல் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் கலைஞர், மேடைக்கு வெளியே பெயரில்லாதவர் என்றால் அது சரியா? படத்தில் பெல்லுக்குக் குரல் கொடுத்தவரின் பெயர் திரையில் ஓடுகிறது. அதனால் எந்தப் பிள்ளைக்கும் மாயம் கலைந்துவிடவில்லை. அரங்க வாசலில் ஒரு பலகையில் அன்றைய நடிகர்களின் பெயரை எழுதிவைப்பதால் பிள்ளை எதை இழந்துவிடும்? இன்னொன்று சொல்கிறேன். அரங்கத்துக்கு வெளியே உள்ள முற்றத்தில், சினிமா, டெலிவிஷன் பிரபலங்களின் கைத்தடங்களும் கையெழுத்தும் சிமென்டில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அரங்கத்துக்குள் உழைத்தவர்களின் தடம் அங்கே இல்லை.

பிள்ளைகளுக்கு நாடகம் போடுகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். 1,500 பேரைப் பகல் வெக்கையில் உட்காரவைத்து 25 நிமிடத்தில் ஒரு கதையை முழுதாகச் சொல்ல முடியும் என்று அவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். உங்கள் நாடகத்தின் முதல் பாட்டு ஊரையும் நாயகியையும் வில்லனையும் சேர்த்துச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் அந்தப் பாட்டைத் திரும்ப எழுதுங்கள். மெதுவான பாட்டைப் பயந்து வெட்டாதீர்கள். நாடகம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் கயிறு இழுத்தவர் வரை எல்லாரையும் மேடைக்கு அழைத்துப் பெயர் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்று இங்கிருந்து போகும் நம்மவர்கள் பலரைப் பேரப்பிள்ளைகளோடு அந்தப் பூங்காவுக்கும் அழைத்துப் போகிறார்கள். பிற்பகல் வெயிலில் கால் வலிக்கும்போது அந்த அரங்கத்தில் உட்காருவீர்கள். உட்காருங்கள், ஆனால் கண்ணயர்ந்துவிடாதீர்கள். கடைசிப் பாட்டு முடிந்து நடிகர்கள் வரிசையாக வந்து வணங்கும்போது, அடுத்த ராட்டினத்துக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்து ஓடாதீர்கள். நின்று, பேரப்பிள்ளையையும் நிற்கவைத்து, கடைசி ஆள் உள்ளே போகும்வரை கை தட்டுங்கள்.